வெள்ளைத் துணி வராத சலவைக்கூடம்

சித்தியின் சலவைக்கூடத்துக்கு வருவது ஓட்டல் துணி மட்டுமே. படுக்கைவிரிப்பு, தலையணை உறை, துண்டு, எல்லாம் வெள்ளை. ஊரில் வியாபாரம் படுத்ததும் ஓட்டல் அறைகள் காலியாயின. எரிவாயு விலையோ எகிறியது. சித்தி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஜன்னலைத் துடை, கூடத்தைக் கழுவு என்று ஏதாவது வேலை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்.

வேலை குறைந்த கூடங்களுக்குப் பாதிச் சம்பளமும் எரிவாயுச் செலவில் ஒரு பங்கும் அரசு தரும் என்று அறிவிப்பு வந்தது. சித்தி விண்ணப்பித்தார். அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல். அந்த உதவி கிடைக்காவிட்டால் பாதிப் பேரை நிறுத்தியாக வேண்டும்.

"எல்லாரும் வீட்டுத் துணியைக் கொண்டாங்க. கடை ஈ ஓட்டுதுன்னு தெரிஞ்சா எவன் உதவி பண்ணுவான்?" என்றார் சித்தி.

"ஈ ஓட்டுறதுக்குத்தானே சித்தி உதவியே?" என்றேன் நான்.

"படிச்சவ சும்மா இருடி."

நானும் வீட்டுப் போர்வையை எடுத்துவந்தேன். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல், சித்தியின் கூடத்திலேயே துணி மடித்தபடி, அக்காவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறவள், எந்த வாயால் மறுப்பது?

அதிகாரி வந்தபோது கொதிகலன் சீறியது. எல்லா இயந்திரங்களும் சுழன்றன.

"நல்லாத்தானே ஓடுது? வேலை குறைஞ்ச இடத்துக்குத்தாம்மா இது," என்று அவர் பேனாவை மூடினார்.

சித்தியின் முகம் வெளுத்தது. வேலை இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதும் ஒரு துணியை எடுத்து ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார்.

இஸ்திரி போடுபவரை நாங்கள் 'நீராவி' என்போம். அவர்தான் பொறுக்கமாட்டாமல் கையிலிருந்த தலையணை உறையை விரித்தார். அதில் ஒரு நீலப் பூனை பல்லை இளித்தது.

"சார், எந்த ஓட்டல்ல இதைத் தலைக்கு வைப்பாங்க? என் பொண்ணோடது. நேத்துதான் வீட்டுல துவைச்சோம்."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். பூப்போட்ட திரைச்சீலை, கட்டம் போட்ட போர்வை.

"வெள்ளைத் துணி எங்கம்மா?"

சித்தி ஒவ்வோர் இயந்திரமாகப் போய் நிறுத்தினார். கடைசியாகக் கொதிகலனையும் அணைத்தார்.

"வர்றதில்ல சார்," என்றார்.

பேனா மறுபடி திறந்தது. அடுத்த மாதம் உதவி வந்தது, யாரையும் நிறுத்தவில்லை.

கஷ்டத்துக்குத் தரும் உதவியைக் கேட்கும்போதுகூடக் கஷ்டத்தை ஏன் மறைக்கிறோம்? சித்தியிடமே கேட்டேன்.

"அன்னைக்கு வீணாப்போன எரிவாயுவுக்கு யாரு பதில் சொல்றது? முதல்ல அதைக் கேளு," என்றவர், இன்னும் கூடத்திலேயே கிடந்த நீலப் பூனை உறையை நாலாக மடித்து நீராவியின் மேல் எறிந்தார்.