ஆஸ்பத்திரியில் வைத்த சேனை

நான் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த காலம். பிறந்த மூன்றாம் நாளே என் மகனுக்குக் குடலில் அடைப்பென்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். தான் சொல்லும்வரை வாயில் ஒரு சொட்டும் விடக் கூடாது என்றார் டாக்டர்.

மறுநாள் ஆமத்தூரிலிருந்து அக்கா, சங்கும் சீனித் தண்ணீருமாக வந்துவிட்டாள். பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைப்பது எங்கள் பக்கம் அத்தைதான்.

"ஏலே, சேனை வைக்காத பிள்ளை எப்பிடித் தங்கும்? ஒரு சொட்டுதான்லே."

"பிள்ளையக் கொல்லவா வந்த? வெளிய போ!"

விரட்டிவிட்டேன். பால் கட்டிய வலியில் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நான் செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "சீனித் தண்ணி ஒரு கரண்டி குடுங்க" என்றார். அன்றைக்கு விஷம், இன்றைக்கு மருந்தா? ஒரு எழவும் புரியவில்லை. கேட்கவும் பயம். வெளியே மரத்தடியிலேயே கிடந்த அக்காவிடம் ஓடினேன்.

"இப்ப மட்டும் கொல்ல மாட்டேனாலே?" என்றபடி எனக்கு முன்னால் படியேறினாள்.

பிள்ளை விழுங்கினான். வாந்தி வருமோ என்று மூன்று பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. இன்னும் கேட்டு வீறிட்டு அழுதான்.