மாமா முடுக்கிய புரொப்பெல்லர்

மலேசியாவின் சுபாங்கில் விமானப் பட்டறை வேலை முடிந்து வீடு திரும்பும்போது யாரோடும் பேசப் பிடிப்பதில்லை. நாளெல்லாம் இரைச்சல் கேட்டு அலுத்துவிட்டது. சிறுவயதில் எனக்குச் சத்தம் என்றால் உயிர். அதற்கு மாமாதான் காரணம்.

அம்மாவின் தம்பியான அவர், கிள்ளானில் அடுத்தவர் கடையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தார். அவர் கை வைத்த பைக் பறக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பந்திங் பக்கக் கடற்கரையில் சிலர் முதுகில் இயந்திரமும் புரொப்பெல்லரும் கட்டிக்கொண்டு, தலைக்குமேல் பாராசூட் விரித்துப் பறப்பார்கள். அந்தக் குழுவை நடத்திய அங்கிள், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். முதலில் ஒன்றைச் சரிசெய்து காட்டச் சொன்னார். வேலை கிடைத்தால் கடை முதலாளியின் வசவிலிருந்து விடுதலை. மாமா சரியாகத் தூங்கக்கூட இல்லை.

இயந்திரத்தின் சுழற்சி வேகத்தைப் பெல்ட் சக்கரங்களால் குறைத்துத்தான் புரொப்பெல்லருக்கு அனுப்புவார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

“இவ்ளோ ரெவ் இருக்கு, எதுக்குக் குறைக்கணும்? வேஸ்ட் லா,” என்று பெல்ட் சக்கரத்தை மாற்றினார், கார்புரேட்டரையும் பெரிதாகப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். முடுக்கியதும் அது அலறிய அலறலில் கடற்கரையே காதைப் பொத்திக்கொண்டது. அங்கிள் அதை முதுகில் கட்டிக்கொண்டு மணலில் ஓடினார், ஓடினார், கடைசியில் மூச்சு வாங்க நின்றுவிட்டார். கால் தரையைவிட்டு எழும்பவே இல்லை.

“சத்தம்தான் வருது தம்பி, தள்ள மாட்டேங்குது. பழையபடி மாத்திக் குடுத்துடுங்க,” என்றார் தன்மையாக. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

புரொப்பெல்லர்களைப் பார்ப்பதுதான் இன்று என் தொழில். புரொப்பெல்லரின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்று அதற்குப் பிடிகொடுக்காது. உந்துவது குறையும், இயந்திரத்தின் பலம் இரைச்சலாகக் கரைந்துபோகும். பைக் சக்கரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. மாமாவுக்கு இதை யாரும் சொல்லவும் இல்லை.

வீட்டில் அம்மா, “என்னடா ஆச்சு?” என்று அவரைக் கேட்டாள். அவர் வாய் திறக்குமுன் நான் கூடத்தின் நடுவில் நின்று அந்த அலறலை அப்படியே கத்திக் காட்டினேன். மாமா செய்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சத்தம் என்று பெருமையடித்துக்கொண்டேன். அது தோற்றுப்போன சத்தம் என்று எனக்கு எங்கே தெரியும்? மாமா சிரித்தார். அதனால் சாப்பிடும்போது மறுபடியும் கத்தினேன். மறுநாள் காலை அவர் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதும் கத்தினேன். அதற்கும் சிரித்தார்.