பதினைந்தாம் நாள் உள்ளிப் பாண்

என் மூத்த மகள் பிறந்த ஞாயிற்றுக்கிழமையை ஒன்றாம் நாளாக வைத்து, பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த முப்பத்தோராம் நாள் வரை, நாளுக்கு ஒரு வரியாவது ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பத்து நாட்களின் வரிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சரக்குக் கறி வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டேன். சத்தி எடுத்தேன். பதினோராம் நாளில்தான், புதன்கிழமை, எழுத்து சற்றுப் பெரிதாகிறது: "பாண் வந்தது."

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஒரு மார்கழி அது. மானிப்பாய்க்கு அடுத்த ஊரில், எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீட்டில் அம்மாவும் என் கணவரும் நானும் இருந்தோம். பிள்ளை பெற்றவள் முப்பத்தொரு நாள் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. நான் படுத்திருந்த அறைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு சுவர்தான். அது கூரை வரை எழவில்லை. புகையும் வாசனையும் பேச்சும் அதன் மேலால் தாராளமாக வந்து போகும்.

அம்மா அரைத்த பத்தியச் சரக்கில் குறை சொல்ல எவராலும் முடியாது. மல்லி, மிளகு, மஞ்சள், அவற்றோடு நாளுக்கு இருபது பல் வெள்ளுள்ளி. குற்றம் என் வயிற்றில். அந்த வாசனை சுவர் தாண்டி வரும்போதே குமட்டியது. சாப்பாடு இறங்கவில்லை, பால் சுரக்கவில்லை. பிள்ளை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதாள். பசுப்பால் பச்சைப்பிள்ளைக்குக் கனம் என்று, எட்டாம் நாள் முதல் பக்கத்து வீட்டிலிருந்து காலையும் மாலையும் ஒரு செம்பு ஆட்டுப்பால் வந்தது. அம்மா அதில் தண்ணீர் கலந்து காய்ச்சிச் சங்கால் பருக்குவா. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்தச் செம்பைப்போல என்னைச் சிறுமைப்படுத்திய பொருள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பத்தாம் நாள் அம்மா என்னதான் வேண்டும் என்று கேட்டா. ஏழு வருடம் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் இருந்தவள் நான். அங்கே சனிக்கிழமைப் பின்னேரங்களில் தடித்த பாண் துண்டை நெருப்பில் வாட்டி வெண்ணெய் பூசித் தருவார்கள். அதைச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொன்னா. வெண்ணெய் எங்கள் வீட்டுப் பசுவின் வெண்ணெய், அதனால் தடையில்லை. பாணைக் கருக வாட்டினால் பத்தியத்துக்குப் பழுதில்லை. ஆனால் இருபது பல் உள்ளியில் ஒரு பல்லும் குறையக் கூடாது, அது எப்படியாவது அந்தப் பாணுக்குள் போக வேண்டும். இன்னொன்று, பாண் வேலை தனக்குத் தெரியாது, தான் தொடமாட்டா.

ஆக, மிஞ்சியவர் என் கணவர். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அன்றுவரை அடுப்பில் ஒரு விறகு தள்ளியறியாதவர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கலியாணமாகி இரண்டு வருடமாகியும் அம்மா அவரோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்காத பழைய வழக்கம் அவவுக்கு. எதுவானாலும் என் வழியாகத்தான். அவர் இரண்டு பாக தூரம் தள்ளி நின்றாலும், "பிள்ளை, உவருக்குச் சொல்லு" என்றுதான் தொடங்குவா. அவரும் அப்படியே. "இஞ்சேரும், மாமியிட்டைச் சொல்லும்" என்பார். இப்போது இருவரும் குசினியில், நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாயில். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் அதைத் திருப்பிச் சொல்லும் வரை இருவரும் காத்திருப்பார்கள்.

புதன்கிழமை வேலை முடிந்து கந்தோர் விட்டு வரும் வழியில், பேக்கரியில் சூடாக இறக்கிய பாணைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சூட்டோடு வெட்டினார். பாண் நசுங்கியது. பச்சை உள்ளியைத் தட்டி வெண்ணெயில் குழைத்துப் பூசி, எரிகிற விறகின்மேல் பிடித்தார். வெண்ணெய் உருகி அடுப்பில் ஒழுகியது, சுவாலை எழும்பியது, உள்ளி கரியானது.

"பிள்ளை, உவரைக் கேள், இது பாணோ கொள்ளியோ எண்டு."

நான் கேட்டேன்.

"மாமியிட்டைச் சொல்லும், நாளைக்குச் சாப்பிட்டிட்டுக் கதைக்கச் சொல்லி."

சொன்னேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் சிரிப்பு. அதையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

மிச்சப் பாணை ஒரு துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். விடுதியில் எங்களுக்குத் தந்தது எப்போதும் முதல்நாள் பாண் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு விரல் தடிப்பில் வெட்ட வேண்டும். மேற்பக்கத்தில் அடிவரை போகாமல் குறுக்கும் நெடுக்கும் கீற வேண்டும். வெண்ணெயைக் கையால் அழுத்தி அதிலுள்ள மோரை முழுவதும் பிழிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாண் ஊறிப்போகும். உள்ளியைத் தோலோடு சாம்பலுக்குள் புதைத்துச் சுடச் சொன்னது அம்மா. அதுவும் என் வாயால்தான் போனது. சுட்ட உள்ளியை நசுக்கினால் களிபோல வெளியே வரும். அவர் அதை வெண்ணெயோடும் உப்போடும் கொஞ்சம் மிளகுத்தூளோடும் குழைத்துக் கீறல்களுக்குள் அமத்திப் பூசினார். சிரட்டைத் தணலின்மேல் தோசைக்கல்லை வைத்து முதலில் அடிப்பக்கத்தை வாட்டி, பிறகு வெண்ணெய்ப் பக்கத்தைக் கவிழ்த்தார்.

சுவர் தாண்டி வந்த வாசனைக்கு நான் எழும்பி உட்கார்ந்தேன். உள்ளிதான், ஆனால் குமட்டவில்லை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, கீறல்களில் வெண்ணெய் தேங்கி நின்றது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். சத்தி இல்லை. அம்மா குசினியில் உள்ளித் தோலை எண்ணிப் பார்த்தது சுவர் வழியே கேட்டது. இருபது சரி.

பிற்காலத்தில் வாசித்த ஒரு பிரயாண நூலில், இத்தாலி நாட்டார் வாட்டிய ரொட்டியில் உள்ளி தேய்ப்பார்கள் என்று கண்டேன். இருக்கட்டும். எங்களுக்கு அதை எவரும் சொல்லித் தரவில்லை. ஒரு பத்தியக்காரியும் ஒரு கிளாக்கரும் பாண் தொடாத ஒரு மாமியும் ஒரு சுவரை நடுவில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தது அது.

வெள்ளி மூன்று துண்டு. சனி நான்கு. சனி இரவு மார்பு கனத்தது.

பதினைந்தாம் நாள், ஞாயிறு, பின்னேரம். அவர் கல்லில் பாணைக் கவிழ்த்திருந்தார். நான் பிள்ளையை மடியில் போட்டிருந்தேன். வழக்கம்போல உறிஞ்சிவிட்டு அழப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. மிடறு விழுங்கும் சத்தம் கேட்டது. கடைவாயால் பால் வழிந்தது. நான் அசையவில்லை, பேசினால் வாயை எடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"பிள்ளை, உவருக்குச் சொல்லு, திருப்பச் சொல்லி," என்றா அம்மா.

நான் வாய் திறக்கவில்லை.

"பிள்ளை, கேக்குதோ? மணக்குது."

அவரும் என் குரலுக்காகக் காத்து நின்றிருக்க வேண்டும். கருகத் தொடங்கும் வாசனை எனக்கே வந்தது. பிள்ளை இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, திருப்புங்கோ. கருகப்போகுது."

கல்லில் பாண் திரும்பும் சத்தம் கேட்டது.

"ஓம் மாமி," என்றார் அவர்.

பிறகுதான் அம்மா எனக்கு என்னவாயிற்று என்று பார்க்க அறைக்குள் வந்தா. வாசலிலேயே நின்று பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தா. அப்படியே திரும்பிப் போனா. பக்கத்து வீட்டுக்காரி அன்று மாலைச் செம்போடு வந்தபோது, அம்மா முற்றத்திலேயே நிறுத்திச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"இனி வேண்டாம் பிள்ளை. தாய்க்குப் பால் இருக்கு. எங்கடை மருமோன் பாண் சுட்டுக் குடுக்கிறார்."

பால் உள்ளியால் வந்ததா, வெண்ணெயால் வந்ததா, அல்லது பசித்தவள் வயிறாரச் சாப்பிட்டதால் வந்ததா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கொப்பியில் அன்றைய வரி இவ்வளவுதான்: "ஞாயிறு. குடித்தாள். ஐந்து துண்டு. ஒன்றில் கரை கொஞ்சம் கருகல். அதையும் சாப்பிட்டேன். செம்பு நிறையத் திரும்பிப் போனது."