பத்து நாள் லீவும் இருபத்தொரு நாள் பாஸும்

அருந்ததி சென்னையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். பிறந்தது யாழ்ப்பாணம். கொழும்பில் அவளுக்கென்று இருந்தவர் மாமா இராசரத்தினம் மட்டும். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். 1999இல் அவளுக்கு இருபத்துமூன்று வயது. தாய் நாகேஸ்வரியைக் கண்டு நான்கு வருடமாகியிருந்தது.

அந்த வருடம் நாகேஸ்வரியின் இரண்டு கண்ணிலும் வெண்புரை முற்றியது. கொழும்பில் இருபதாம் திகதி சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. தாயும் மகளும் மாமா வீட்டில் சந்திப்பதென்று கடிதத்தில் முடிவாயிற்று. கேட்பதற்குச் சின்ன விஷயம். இருவருக்கும் நடுவில் ஒரு கடலும் ஒரு யுத்தமும் கிடந்தன. அவற்றைக்கூடக் கடந்துவிடலாம், அலுவலகங்களைத்தான் கடக்க முடியாது.

அருந்ததி மாணவிதான் என்று முதலில் கல்லூரி எழுத வேண்டும். தினமும் அவளுக்குப் பாடம் எடுக்கும் துறைத் தலைவர், அதை எழுதுவதற்கு அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார். அந்தக் கடிதத்தோடு போன வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வதிவிட அனுமதியைக் கேட்டார்கள். அனுமதியைக் காட்டியதும் விடுதிக் காப்பாளரின் கடிதம் எங்கே என்றார்கள். ஐந்தாம் நாள் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுந்தது. பதினெட்டாம் திகதிக்குள் வந்தால் மறுபடி உள்ளே விடுவார்கள். வெளியே போவதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்த விஷயத்தில் எல்லா நாடுகளும் தாராளம்தான்.

நாகேஸ்வரிக்கு இவ்வளவு தொந்தரவு இல்லை. சொந்த நாட்டின் தலைநகருக்குத்தானே போகிறாள்? வைத்தியரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம், கொழும்பில் யார் வீட்டில் தங்குவாள் என்ற விபரம், எல்லாவற்றுக்கும் மேலே இராணுவத்தின் கையெழுத்து, அவ்வளவுதான். கொழும்பில் இறங்கும் நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குப் பாஸ் கொடுத்தார்கள்.

எட்டாம் திகதி அருந்ததி வந்து இறங்கினாள். அன்று மாலையே மாமா அவளைப் பொலிசில் பதியக் கூட்டிப்போனார். போகும் வழியில் காலி வீதியில், மாமாவின் முஸ்லிம் சிநேகிதர் ஸவாஹிர் நானாவின் போட்டோ கொப்பிக் கடையில் எல்லாவற்றிலும் நான்கு பிரதி எடுத்தார்கள். யுத்தத்தால் தரைவழி மூடியிருந்தது; அம்மாவைத் திருகோணமலைக்குக் கொண்டுவரும் கப்பல் மறுநாள் புறப்பட வேண்டும். கடல் கொந்தளிப்பென்று நின்றது. பிறகு கடல் அமைதியாயிற்று. கப்பலை வேறு வேலைக்கு எடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் திகதி காலை மாடி மாடியாகச் சோதனை வந்தது. அருந்ததியின் அடையாள அட்டை யாழ்ப்பாணம், வதிவிடம் சென்னை, நிற்பது வெள்ளவத்தை. சார்ஜன்ட் மூன்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மொகடத கொழம்ப ஆவே?” ஏன் கொழும்புக்கு வந்தாய் என்பதை மாமா தமிழில் சொன்னார்.

“அம்மாவைப் பார்க்க.”

“அம்மா கோ?”

அம்மா இரண்டு மொழியிலும் அம்மாதான். அதனால், எங்கே என்ற இந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

“யாழ்ப்பாணத்தில.”

யாழ்ப்பாணத்திலிருக்கும் தாயைப் பார்க்கச் சென்னையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த மகளை எந்த அரசாங்கம் நம்பும்? பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒரு மர வாங்கில் இருத்திவைத்தார்கள். மதியம் வரை அதே கேள்வியை மூன்று அதிகாரிகள் கேட்டார்கள். அவளுக்குப் பயத்தைவிட வெட்கமாக இருந்தது. அவளுடைய பதில் அவளுக்கே பொய்போலக் கேட்கத் தொடங்கியிருந்தது.

இரண்டு மணிக்கு மாமாவோடு ஸவாஹிர் நானா வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, அவளுடைய கடதாசிகளைத் திரும்பவும் பிரதி எடுத்து ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சார்ஜன்டின் மேசையில் கோப்பை வைத்துச் சிங்களத்தில் ஏதோ கதைத்தார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

“பயப்புடாதீங்க மகள். இவங்களுக்கு ஆள் வேணாம், கொப்பிதான் வேணும்.”

மூன்று மணிக்குக் கோப்பு உள்ளே போயிற்று, அவள் வெளியே வந்தாள்.

ஒருவழியாகக் கப்பல் கிடைத்து, பதினேழாம் திகதி மாலை திருகோணமலை ரயிலில் நாகேஸ்வரி கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கினாள். அருந்ததி ஓடிப்போய்ப் பையைப் பிடித்தாள். நாகேஸ்வரி பையை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

“விடு! ஆர் நீ?”

“அம்மா, நான் அருந்ததி.”

“அவள் இந்தியாவில எல்லே?”

“வாறன் எண்டு எழுதினனான் எல்லே அம்மா.”

“பத்து நாளெண்டுதானே எழுதினனீ? நான் சுணங்கிப் போனன், நீ போயிருப்பாய் எண்டு நினைச்சன்.” பையை விட்டுவிட்டு மகளின் முழங்கையைப் பிடித்தாள். வீடு வரைக்கும் அந்தப் பிடி தளரவில்லை.

அருந்ததியின் விமானம் மறுநாள் காலை. மாமா மெதுவாகச் சொன்னார்: “நீ போ பிள்ளை. ஆசுப்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்.”

“ஓம் மாமா” என்றாள். விமானம் கிளம்பிய நேரத்தில் அவள் சமையலறையில் அம்மாவின் ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். மாமா எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினார்.

ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. மற்றக் கண்ணுக்கு நாள் கிடைப்பதற்குள் பாஸ் முடிந்துவிட்டதால், ஒற்றைக் கண்ணின் பார்வையோடு நாகேஸ்வரி திரும்பிப் போனாள்.

அருந்ததி புது விசாவுக்கு விண்ணப்பித்தாள். குறித்த நாளில் திரும்பாததற்குக் காரணம் எழுத அரை வரி இடம் விட்டிருந்தார்கள். தாயின் சுகவீனம் என்று எழுதினாள். நாகேஸ்வரி அவளுடைய தாய்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் யாழ்ப்பாணத்தில் இருந்தது. நாகேஸ்வரி அதைத் தேடியெடுத்துத் தபாலில் போட, ஐந்து வாரத்தில் வந்து சேர்ந்தது. அதற்குள் பரீட்சை முடிந்து, ஒரு வருடம் போயிற்று.

விசா கிடைத்து, சென்னையில் படிப்பை முடித்துக்கொண்டு 2001இல் கொழும்புக்கே வந்துவிட்டாள். பட்டமளிப்புக்குப் போகவில்லை, பட்டம் தபாலில் வந்தது. ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை கிடைத்தது. எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்கிடும் பகுதி. அந்த வருடங்களில் அந்தக் கணக்கைப் போட ஆட்கள் போதாமல்தான் இருந்தது.