அத்தா நின்று பார்த்த ஜூ

அத்தாவின் உள்ளங்காலில் புண் அழுகிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் நான் ஒரு வரிக்குதிரைக்கு நிழல் போதவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வரிக்குதிரை கம்ப்யூட்டருக்குள் இருந்தது. என்னைப் பெற்ற அத்தா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அந்த வருஷமே முதலில் அவர் கால் போனது, பிறகு அவரும் போய்விட்டார். இதைச் சொல்லாமல் அந்த விளையாட்டைப் பற்றி என்னால் பேச முடியாது. மிருகக்காட்சி சாலை கட்டி விளையாடுவதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை, பொழுது போகாதவர்கள் வேலை என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். பொய். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் படித்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியிருந்தேன். இரண்டாயிரத்து மூன்றாக இருக்கும். வேலை கிடைக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தார்கள், அவனும் கிடைக்கவில்லை. படித்தது மறந்துவிடக் கூடாது என்று சவுதியில் இருந்த அண்ணன் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க ஏற்பாடு செய்தான். நாகல் நகரில் ஒரு கடையில் அதை அசெம்பிள் செய்து கொடுத்தவர், "போரடிச்சா போட்டுப் பாருங்க" என்று ஒரு சிடியும் தந்தார். அதில்தான் அந்த ஜூ இருந்தது.

ஆரம்பத்தில் வெறும் தரை. வேலி போட வேண்டும், புல் விதைக்க வேண்டும், மரம் நட்டு, குட்டை வெட்டி, பிறகு மிருகத்தை இறக்க வேண்டும். சாணி அள்ள ஆள் வைக்க வேண்டும். ஜனங்கள் வருவார்கள், கக்கூஸ் இல்லையென்றால் முகம் சுளிப்பார்கள். கேட்டால் முனிசிபாலிட்டி வேலை மாதிரி இருக்கிறதல்லவா, அப்படித்தான். ஆனால் முனிசிபாலிட்டியில் இல்லாத ஒன்று அங்கே உண்டு. எந்த மிருகத்தின் மேல் மவுஸை வைத்து அழுத்தினாலும் அது தன் குறையைச் சொல்லிவிடும். கல் அதிகம், புல் கம்மி. தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. பசிக்கிறது. உடம்புக்கு முடியவில்லை. சந்தோஷமாக இருந்தால் பச்சைப் பட்டை, இல்லையென்றால் சிவப்பு. கேட்டதைச் செய்துகொடுத்தால் ஒரு நிமிஷத்தில் பட்டை பச்சைக்கு மாறும். நேற்றுக் கேட்டதை ஏன் இன்றைக்குச் செய்கிறாய் என்று எந்த யானையும் முறைத்துக்கொள்ளாது.

எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தலைவலி என்றால் அடுப்படியில் பாத்திரம் விழும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தா பேசவே மாட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாமல் இருந்த வருஷம் அது. ஒட்டகச்சிவிங்கிக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தவறு செய்தால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி வைக்கும் வசதியும் இருந்தது. சிங்கம் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். நான் சாவகாசமாக வேலியை மாற்றிக் கட்டுவேன்.

அத்தா தோல் ஷாப்பில் தரம் பிரிப்பவர். பதனிட வந்த தோலை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், இது உண்ணி கடித்த ஆடு, இது முள்வேலியில் கீறிய ஆடு, இது கோடையில் பட்டினி கிடந்தது என்று சொல்லிவிடுவார். ஆடு செத்த பிறகுதான் அதன் கஷ்டமே அவருக்குத் தெரியவரும். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார்.

ஒரு நாள் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்தவர் என் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏம்மா, இந்த மானு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?"

அழுத்திக் காட்டினேன். துணைக்குக் கூட்டம் பத்தவில்லையாம், இன்னும் மூன்று மான் வேண்டுமாம்.

"அதுவே சொல்லுதா?"

"ஆமாத்தா."

"அம்புட்டும் சொல்லுமா?"

"எல்லாமே சொல்லும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாப்பது வருசமாத் தோலத் தடவிக்கிட்டு இருக்கேன். ஒண்ணுகூட எங்கிட்ட இப்புடிச் சொன்னதில்ல" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் வந்துவிடுவார். அவர் சொல்லும் யோசனை எல்லாமே தோலைப் பற்றித்தான் இருக்கும். "கம்பி வேலி வேணாம்மா, கீறிரும். மரக்கட்ட வேலி போடு." காட்டுப்பன்றி வாங்கப் போனால் மட்டும், "அது நமக்கு வேணாம்மா" என்பார். கம்ப்யூட்டருக்குள் இருந்தாலும் ஹராம் ஹராம்தான். எங்கள் ஜூவில் கடைசிவரை காட்டுப்பன்றி இல்லை. ஒருமுறை கிழட்டுச் சிங்கம் ஒன்று செத்து மறைந்துபோனது. "தோல யாரு எடுத்தா?" என்று கேட்டார். யாரும் எடுப்பதில்லை, அப்படியே மறைந்துவிடும் என்றேன். அவருக்கு மனசே ஆறவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "அத்தாவும் மகளும் நல்லா மேய்க்கிறீங்க, போங்க" என்று கேலி செய்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன். அத்தாவோடு அதற்கு முன் நான் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது.

தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் ஒரு வாடை இருக்கும். சுண்ணாம்பும் உப்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை. தலையணை உறையில்கூட இருக்கும். அத்தாவுக்கு மூக்கு எப்போதோ மரத்துப்போய்விட்டது. அம்மாவுக்கும் கல்யாணமாகி வந்த முப்பது வருஷத்தில் அதே கதிதான். நானும் பள்ளிக்கூட நாட்களில் அதை அறிந்ததில்லை. ஹாஸ்டலில் மூன்று வருஷம் இருந்ததில் எனக்கு மட்டும் மூக்கு திரும்ப வந்திருந்தது. அந்த வீட்டில் வாடை தெரிந்த ஒரே ஆள் நான்.

அத்தா பக்கத்தில் உட்காரும்போது அந்த வாடை நாளுக்கு நாள் கூடியது. லேசான இனிப்போடு வந்து தொண்டையில் பிடித்துக்கொள்ளும். மவுஸைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அத்தா, குளிச்சிட்டு வந்து உக்காருங்களேன். தோல் வாடை தாங்கல."

"வருதா?" என்று சட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். அவருக்கு என்ன தெரியும். எழுந்து போனார். பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் ஏற்கெனவே குளித்திருந்தார் என்பதை அம்மா பிறகுதான் என்னிடம் சொன்னாள். வேலையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றி, அத்தர் தடவிக்கொண்டுதான் தினமும் தொழப் போவாராம். அன்றைக்கு இரண்டாம் தடவையாகக் குளித்திருக்கிறார். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, "நீ போடும்மா, இங்கருந்தே நல்லாத் தெரியுது" என்றார்.

மறுநாளும் அங்கேதான் நின்றார். மூன்று வாரம் அப்படியே நின்று பார்த்தார். பகல் முழுக்க ஷாப்பில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த மனுஷன், புண் வைத்த காலோடு. "வந்து உக்காருங்கத்தா" என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாடை குறைந்ததே என்று நிம்மதியாக இருந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

அவர் நின்ற இடத்தில் ஈரமாக ஒரு தடம் இருக்கும். தொழுகைக்கு ஒளு செய்யும்போது கழுவிய காலோடு வந்து நிற்கிறார் என்று நினைத்தோம். தொழுகிற வீட்டில் தரையில் ஈரக்கால் பதிந்தால் யார் கவனிப்பார்கள்? ஒரு காலையில் அம்மா வீடு பெருக்கும்போது அந்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் காய்ந்தால் கறை தங்காது. இது மஞ்சளாகப் பிசுபிசுத்துக் கிடந்தது, அதுவும் ஒற்றைக் கால் தடம் மட்டும். விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அம்மா அலறினாள்.

அத்தா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிடித்து உட்கார வைத்துக் காலைத் திருப்பினோம். வெறும் பித்தவெடிப்பு என்றார். ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்கிற எல்லோருக்கும் பாதத்தில் வெடிப்பு உண்டு. மஞ்சளும் எண்ணெயும் குழைத்து வைத்துத் துணி சுற்றியிருந்தார். அம்மா துணியை அவிழ்த்தாள். உள்ளே எலும்பு தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு நான் தோல் வாடை என்று சொன்னது இதைத்தான். முகர்ந்ததும் தெரிந்துவிட்டது.

"வலிக்கலையாத்தா?"

"வலிச்சாச் சொல்ல மாட்டனா?" என்றார். பிறகு காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆட்டுத் தோலா இருந்தாக் கண்டுபிடிச்சிருப்பேன்" என்று சிரிக்கப் பார்த்தார்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை முற்றினால் காலில் வலியே தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "வலி இல்ல, சரி. வீட்டுல ஒருத்தருக்குக்கூடவா வாடை தெரியல?" என்று கேட்டார்.

"தோல் ஷாப்புல வேல பாக்குறவரு வீடுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குத் தெரிந்தது, தெரிந்து அவரைக் குளிக்க அனுப்பினேன் என்று சொல்வதற்குத் தைரியம் இல்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குறை இருந்தால் அதுவே சொல்லும், சொல்லவில்லை என்றால் குறை இல்லை. அந்த விளையாட்டு என்னை அப்படிப் பழக்கிவிட்டிருந்தது. விளையாட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று தோன்றலாம். அதற்கில்லை. வாய் திறக்காத மனிதர்களோடு இருந்து இருந்து அலுத்துப்போய்த்தான் வாய் திறக்கிற மிருகங்களிடம் நான் போனேன். ஏதோ ஒரு ஜீவன் தனக்கு என்ன வேண்டும் என்று நேராகச் சொல்ல, அதை நம் கையால் செய்து கொடுக்க முடிகிறதே, அந்தச் சுகம் லேசானதில்லை. அத்தாவும் அதற்காகத்தான் வந்து உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர், கண் முன்னால் வேறு யாருடைய குறையோ.

கட்டுப் போட்ட இடத்திலிருந்து வாடை வந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். வந்தால் தொடை வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும். அத்தாவுக்கும் அது தெரியும். அவரால் முகர முடியாது, அம்மாவாலும் முடியாது. அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவரே கேட்பார்.

"வாடை வருதாம்மா?"

குனிந்து முகர்ந்துவிட்டு, "இல்லத்தா" என்பேன். ஐந்து நாள் அது உண்மையாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்.

ஆறாம் நாள் காலையில் குனிந்தேன். மருந்து நெடிக்கு அடியில் அந்த லேசான இனிப்பு இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருதுத்தா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பயந்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டிப் போர்வையை இழுத்து, பாதியாகிப்போன காலை மூடினார்.

"அப்பக் கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார்.