விருந்தாளியாகப் போன சப்ளையர்

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைவ ஹோட்டலில் நான் சப்ளையராகச் சேர்ந்தபோது மெனு கார்டு கிடையாது. என்ன இருக்கிறது என்று நாங்கள்தான் மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். பிறகு ஏ.சி. ஹால் வந்தது. பனீர் பட்டர் மசாலா, தந்தூரி ரொட்டி, கோபி மஞ்சூரியன் எல்லாம் வந்தன. பாதி ஊர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய் வந்துகொண்டிருந்த காலம். லீவில் வருகிறவர்கள் குடும்பத்தோடு ஏ.சி. ஹாலில்தான் உட்காருவார்கள். அவர்களுக்குப் பரிமாறியே எனக்குத் தலை நரைத்தது. என் மனைவி சரோஜாவையும் மகள் செல்வியையும் ஒரு நாளும் எந்த ஹோட்டலுக்கும் கூட்டிப்போனதில்லை. மிஞ்சிப்போனால் பார்சல் கொண்டுபோவேன், அவ்வளவுதான்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒரு சாயங்காலத்துக் கதை. சொல்லும்போது இப்போதும் முகம் சுண்டிப்போகும்.

செல்விக்கு ஒரு வரன் வந்தது. திருத்துறைப்பூண்டிக்காரர்கள்; மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருந்தார். தாராசுரம் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பிடித்துவிட்டது. "வீட்டுக்கெல்லாம் அப்புறமா வரோம். இப்ப எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம் வாங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா கும்பகோணத்தில் ஒரு ஏ.சி. சைவ ஹோட்டலுக்கு அழைத்துப்போனார்.

எனக்கு உட்காரவே வரவில்லை. நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டிருந்தேன். ஆர்டர் எடுக்க வந்த சப்ளையருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் என்னை "சார்" என்றதும் கூச்சமாகப் போய்விட்டது.

சூப் வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா பேச்சை எடுத்தார். "உங்களுக்கு என்னங்க, சொந்தமா ஹோட்டல் வச்சிருக்கீங்க. மழை பெஞ்சாலும் காஞ்சாலும் கல்லா ரொம்பிடும். எங்களுக்கு மேட்டூர்ல தண்ணி தொறந்தாத்தானே நடவு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணத் தரகர் கட்டிவிட்ட கதை அது. "இல்லைங்க, நான் சப்ளையர்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சரோஜா என்னைப் பார்த்தாள். செல்வி தட்டைப் பார்த்தாள். நான் சிரித்து மழுப்பினேன்.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பின் மேசையிலிருந்து ஒரு குரல்: "ஹலோ, தண்ணி!"

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஓரமாக இருந்த ஜக்கை எடுத்து, அந்த மேசையில் எல்லோருக்கும் சிந்தாமல் ஊற்றி, காலியான எச்சில் தட்டுகளைக் கையில் அடுக்கி, "வேற என்ன சார் வேணும்?" என்றும் கேட்டுவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

மாப்பிள்ளையின் அப்பா கை தட்டாத குறைதான். "பாத்தீங்களா, முதலாளின்னா இப்புடித்தான். கை சும்மா இருக்காது!"

அதற்குள் சூப்பர்வைசர் ஓடிவந்து எங்கள் சப்ளையரைப் பிடித்துக்கொண்டார். "கஸ்டமர் எந்திரிச்சுப் போயி தண்ணி ஊத்துறாரு, எச்சத் தட்டு எடுக்குறாரு. நீ எங்கய்யா போன? நாளையிலேருந்து வேலைக்கு வராத."

அந்த மனிதர் எங்கள் வெஜிடபிள் பிரியாணியை வாங்கத்தான் கிச்சனுக்குப் போயிருந்தார். பிரியாணித் தட்டு அவர் கையிலேயே இருந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கஸ்டமர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் பழக்கம்.

அவருக்காகப் பேச வேண்டியவன் நான். பேசினால் நான் யாரென்று சொல்ல வேண்டும். எச்சில் தட்டுகளோடு மரம் மாதிரி நின்றேன்.

செல்விதான் எழுந்தாள். "அவரத் திட்டாதீங்க சார். எங்கப்பாவும் தஞ்சாவூர்ல சப்ளையர்தான். யாராச்சும் கூப்புட்டா கை தானா போயிடும். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி சரி, போயி வேலையப் பாருய்யா" என்று அவரை விட்டுவிட்டார். அந்தச் சப்ளையர் பிரியாணியை வைத்துவிட்டு என்னிடம் கை நீட்டினார். "குடுங்கண்ணே" என்று தட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. "தரகர் வேற மாதிரில்ல சொன்னாரு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை ஐஸ்கிரீமைக் கிளறிக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். தகவல் வரவேயில்லை.

உழைத்துச் சாப்பிடுவதில் என்ன வெட்கம் என்று ஹோட்டல் பிள்ளைகளிடம் வாய் கிழியப் பேசியவன்தான் நான். இப்போது அவர்களிடம் சொல்வதெல்லாம் ஒன்றே ஒன்று. என்ன வேலை என்று யார் கேட்டாலும் உட்கார்ந்த உடனே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அப்புறம் நாக்கு எழாது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது தஞ்சாவூர் பஸ்ஸில் சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வரன் போனதற்குச் செல்வி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பாபநாசம் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த தடவ நீங்களே சொல்லிடுங்கப்பா. என்னையச் சொல்ல வைக்காதீங்க."