முப்பது எண்ணும் நேரம்

போன வாரம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். அருகில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த சாவியை அமுக்கினார். சாலைக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத கார் ஒன்று தானாக ஸ்டார்ட் ஆகி உறுமியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கார் கிளம்புவதற்காக நான் எத்தனை காலைகள் காத்து நின்றிருக்கிறேன் என்று சொன்னால் அவர் சிரிப்பார். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. வெள்ளைக் கார்தான், உப்புக்காற்று அதைப் பழுப்பாக்கி வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் விடியற்காலையில் அதில்தான் உப்பளத்துக்குப் போவார். குளிர்ந்து கிடக்கும் டீசல் வண்டி லேசில் பிடிக்காது. என்ஜினுக்குள் இருக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கும் பழுக்கக் காய்ந்தால்தான் டீசல் பற்றும். அதற்குச் சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். டாஷ்போர்டில் ஒரு சின்ன மூடிக்குள் கம்பிச்சுருள் மெல்லச் சிவந்து வரும். ஐப்பசி மழையென்றால் நாற்பது.

அந்த முப்பதில்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. வீட்டில் பதினொரு பேர். ராத்திரி வந்தால் அவருக்குச் சாப்பாடு, தூக்கம். காலையில் டிபன் கேரியரோடு நான் கார் ஜன்னலோரம் போய் நிற்பேன். அவர் கை சாவியில் மாட்டியிருக்கும், எழுந்து போக முடியாது. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பதால் குறுக்கே பேசவும் முடியாது. இதைவிட நல்ல புருஷன் யாருக்குக் கிடைப்பான்? கழுவெளி ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் பனியில் பாதி தெரியும், பாதி தெரியாது. கம்பிச்சுருளின் சிவப்பு அவர் தாடையில் பட்டுக்கொண்டிருக்கும். நான் பேசுவது நிஜமா கனவா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். அம்மா வீட்டுக்குப் போவது, மகளுக்குக் காது குத்துவது எல்லாம் அங்கேதான் முடிவாயின. என்ஜின் பிடித்துவிட்டால் பிறகு யார் பேசினாலும் கேட்காது.

ஒரு தொல்லை இருந்தது. நான்கு பிளக்கும் ஒரே வரிசையில் கோத்தவை, ஒன்று கருகினால் நான்கும் அவ்வளவுதான். அப்புறம் தெருவையே கூப்பிட்டுத் தள்ள வேண்டும். தள்ளித் தள்ளி அலுத்துப்போய், ஹீட்டரை மாற்றித் தொலையுங்கள் என்று ஒரு முப்பதில் மனுப் போட்டவளே நான்தான்.

கூனிமேட்டிலிருந்து மெக்கானிக் ஜமால் பாய் வந்தார். பழையதைக் கழற்றிவிட்டு, பென்சில் மாதிரி மெலிந்த புது பிளக்குகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்தார். ஒன்று போனாலும் மற்ற மூன்றும் வண்டியை எழுப்பிவிடுமாம். கம்பிச்சுருள் போய் ஒரு ஆரஞ்சு விளக்கு வந்தது.

"இனிமே எண்ற வேலயே இல்லம்மா. அஞ்சு செகண்டு, பட்டுனு புடிச்சிக்கும்" என்றார். சந்தோஷத்தில் அவருக்கு இரண்டாவது தம்ளர் டீ கொடுத்தேன்.

அதே வாரம் எனக்குக் கிளியனூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. என் வீட்டுக்காரர் குடும்பத்தில் பெண்கள் வேலைக்குப் போனதே இல்லை. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். ஆர்டரை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, பழைய முப்பது நினைப்பிலேயே ஒத்திகை பார்த்தேன். முதல் பத்து பொதுப்பேச்சு, அடுத்த பத்தில் விஷயம், கடைசிப் பத்து தேவைப்பட்டால் அழுவதற்கு.

சனிக்கிழமை வாயைத் திறந்தேன். ஆரஞ்சு விளக்கு வந்தது, அணைந்தது, என்ஜின் பிடித்துக்கொண்டது. "ஏங்க" என்றதோடு சரி. ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. அன்று முழுக்க ஜமால் பாயை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

திங்கட்கிழமை ஆர்டரை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். என்ஜின் உறுமியதும் எனக்கு என்ன வந்ததோ, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வண்டியை நிறுத்தும் குமிழைப் பிடித்து இழுத்துவிட்டேன். எல்லாம் அடங்கிப்போனது. அவர் என்னையே பார்த்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"இன்னா, பேசணுமா?" என்றார். தலையாட்டினேன்.

சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சரி, முப்பது எண்றேன். சொல்லு."

சொன்னேன். பதினெட்டிலேயே சொல்ல வந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பது வந்தது, தாண்டியும் போனது. யோசிக்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. நாற்பத்து மூன்றில் நிறுத்தினார்.

"ஏறு. கிளியனூர்ல வுட்டுட்டு அப்புறம் போறேன்."

யாரிடமும் சொல்லாமல், கட்டிய புடவையோடு ஏறினேன். பள்ளிக்கூடம் திறக்கும்வரை காருக்குள்ளேயே அவருடைய இட்லியை இருவரும் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். வீட்டில் கிளம்பிய பூகம்பத்தை அவரே பார்த்துக்கொண்டார்.

கார் எடைக்குப் போய் வெகுகாலமாகிறது. நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். அத்தனை பேர் இருந்த வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான், பேசுவதற்கு நாள் முழுக்க இருக்கிறது. ஆனால் டீசல் சத்தத்திலேயே உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. மிஷின் வாங்கிக் கொடுத்தால், உள்ளே வண்டு குடைகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். சாப்பாடு, மாத்திரை, கரண்டு பில் எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்கிறேன். மெதுவாகப் பேசும் பேச்சு எங்கள் வீட்டைவிட்டே போய்விட்டது. அவரால்தான் நான் டீச்சரானேன் என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. அதைப் போய்க் கத்தியா சொல்வது?